பழைய தேதியிலேயே போடு

(தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில், ஞாயிறு சாயங்காலம் பேசியது. ஒரு தம்பி செல்போனில் பதிவு செய்து அனுப்பிய ஆடியோவைக் கேட்டு நானே எழுதினேன். இருமல், "மைக் கேக்குதா", நடுவில் தண்ணி லாரி வந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்க் குடம் வைத்துவிட்டு வந்தது, இதையெல்லாம் எடுத்துவிட்டேன். ஓரிடத்தில் ஓர் எண்ணைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதைச் சத்தமில்லாமல் மாற்றாமல் அங்கேயே குறித்திருக்கிறேன். ஏன் என்பது படித்தால் தெரியும்.)

தலைமை தாங்குகிற ஐயாவுக்கும், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற அக்காமார்களுக்கும், இடமில்லாமல் மாடிப்படியில் தொற்றிக்கொண்டிருக்கிற தம்பிகளுக்கும் வணக்கம். எனக்குப் பிறகு கேரம் போட்டிக்குப் பரிசு கொடுக்க வேண்டுமாம். ஜெயித்த பையன்கள் பின்னால் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருத்தன் மத்தியான நேரத்தில் வீட்டுக்கு வருகிறான். வயசு 39. ஏழு மாடி ஏற வேண்டும். லிப்ட் உண்டு, ஆனால் நல்ல நாளிலேயே ஓடாது, இப்போது மிச்சம் பிடிக்கிறோம் என்று பகலில் கரண்டையும் நிறுத்திவிட்டார்கள். வலது கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருண்டு ஆறாத புண், அதனால் வழியில் நின்று நின்று ஏறுகிறான். படிக்கட்டெல்லாம் வேகவைத்த முட்டைகோஸ் வாடையும் பழைய கந்தல் மிதியடி வாடையும். சவரம் பண்ண பிளேடு கிடைப்பதில்லை, ஒரே பிளேடை ஆறு வாரமாக ஓட்டுகிறேன் என்று கூட வேலை செய்கிறவனிடம் சொல்வான். வீட்டில் இரண்டு புது பிளேடு பதுக்கி வைத்திருப்பான், அது வேறு விஷயம்.

சிரிக்கிறீர்கள். எந்த ஹவுசிங் போர்டு பிளாக் என்று உங்களுக்குள் ஒரு யோசனை ஓடுவதும் தெரிகிறது. இது லண்டன். ஆளின் பெயர் வின்ஸ்டன் ஸ்மித். நாவலின் பெயர் "1984", எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல், வெளிவந்தது 1949 ஜூன் 8. தமிழில் க.நா.சு. மொழிபெயர்த்திருக்கிறார்.

இந்த நாவலைப் பற்றி யாரைக் கேட்டாலும் கேமராவைப் பற்றிச் சொல்வார்கள். சுவரில் ஒரு திரை, நாம் அதைப் பார்க்கிறோம், அது நம்மையும் பார்க்கிறது, ஊரெல்லாம் போஸ்டர், போஸ்டரில் மீசை வைத்த ஒரு முகம், நாட்டை ஆளுகிற கட்சியின் தலைவர், "பெரியண்ணன் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்". அந்தப் பெயரை வைத்து 1999இல் நெதர்லாந்தில் ஒரு டிவி நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள், அது ஊர் ஊராகச் சுற்றி 2017இல் தமிழுக்கு வந்தபோது அண்ணன் பாஸ் ஆகிவிட்டார். நம்ம பக்கம் அண்ணன் போஸ்டருக்குக் குறைச்சலே இல்லை என்பதால் பெயரை மாற்றியது ஒருவகையில் நல்லதுதான்.

ஆனால் கேமராவுக்காக மட்டும் இதைப் படித்தால் பாதிப் புத்தகம்தான் கைக்கு வரும் என்பது என் கட்சி. இது காகிதத்தைப் பற்றிய நாவல். நான் 30 வருஷத்துக்கு மேல் புரூப் ரீடராக இருந்தவன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துக் காலத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்து, ஆப்செட் வந்து, கண்ணாடி பவர் ஏறி வெளியே வந்தேன். அதனால்தான் எனக்கு வின்ஸ்டன் வீட்டுச் சுவரில் இருக்கும் திரையைவிட அவன் ஆபீஸ் மேஜை பெரிசாகத் தெரிகிறது. அவன் பார்ப்பது என் வேலை. ஒரே வித்தியாசம், நான் அச்சடிப்பதற்கு முன்னால் திருத்தினேன், அவன் அச்சடித்த பின்னால் திருத்துகிறான்.

வின்ஸ்டன் வேலை செய்யும் இடத்தின் பெயர் உண்மை அமைச்சகம். பெயரைப் பார்த்தாலே வேலை புரிந்துவிடும். தினம் காலையில் அவன் மேஜைக்குக் குழாய் வழியாகச் சீட்டு வந்து விழும், இந்தத் தேதி பேப்பரில் இந்த இடத்தைச் சரி பண்ணு என்று. ஒரு சீட்டில் பூட்ஸ் கணக்கு. இந்தக் காலாண்டில் 14.5 கோடி ஜோடி பூட்ஸ் செய்வோம் என்று அரசாங்கம் முன்னால் சொல்லியிருக்கிறது, செய்ததாகக் கணக்கில் வருவதோ 6.2 கோடி. வின்ஸ்டன் என்ன செய்கிறான்? பழைய பேப்பரை எடுத்து, முன்னால் சொன்ன எண்ணை 5.7 கோடி என்று மாற்றிவிடுகிறான். ஆக, சொன்னதைவிட அதிகமாகச் செய்துவிட்டார்கள்! அந்த 6.2 கோடியும் உண்மையா என்றால் அதுவும் இல்லை. ஒரு ஜோடிகூடச் செய்யாமலே இருந்திருக்கலாம். காகிதத்தில் கோடிக்கணக்கில் பூட்ஸ், தெருவில் பாதி ஜனம் வெறுங்காலோடு. திருத்திய பிரதியை மறுபடி அச்சடித்து நூலகத்தில் வைத்துவிட்டு, பழைய பிரதியையும் அவன் எழுதிய சீட்டையும் சுவரில் இருக்கும் ஓர் ஓட்டைக்குள் போடுவார்கள். உள்ளே வெதுவெதுப்பான காற்று இழுத்துக்கொண்டு போய் அடியில் இருக்கும் உலையில் சேர்த்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்குக் காது சுட்டது. காரணம் சொல்கிறேன்.

1984இல் நடந்தது என்று சொன்னால் நாவலுக்காக ஜோடிக்கிறேன் என்பீர்கள், அதனால் உள்ளபடியே சொல்கிறேன், 1986. தீபாவளிக்கு முன்னால் ஒரு தொழிற்சங்கத்துக்கு நோட்டீஸ் அடித்தோம். பெயர் வேண்டாம். 20 சதவீத போனஸ், அதில் ஒரு பைசா குறைந்தாலும் ஆலைக் கதவு திறக்காது என்று கொட்டை எழுத்தில். புரூப் நான்தான் பார்த்தேன். தெருவெல்லாம் ஒட்டினார்கள். மூன்று வாரம் கழித்து, பேச்சுவார்த்தை 8.33இல் முடிந்தது. போனஸ் சட்டப்படி குறைந்தபட்சமே அதுதான், போராடாமல் இருந்தாலும் வந்திருக்கும். மறுநாள் காலை நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போதே ஒருவர் வந்து நிற்கிறார். "அதே நோட்டீஸ், அதே சைஸ். 20ன்னு இருக்கறத எடுத்துட்டு, 'சட்டப்படியான போனஸை வாங்காமல் ஓயமாட்டோம்'னு போடு." நான் சின்னப் பையன், "தேதி இன்னிக்குத் தேதிதானே?" என்று கேட்டேன். "பழைய தேதியிலேயே போடு" என்றார்.

கோத்த எழுத்தை எல்லாம் பிரித்துக் கேஸில், எழுத்துக்கு ஒரு அறை வைத்த பெட்டியில், போட்டாகிவிட்டது, புதுசாகத்தான் கோக்க வேண்டும். கோப்பவரும் நானும் உட்கார்ந்தோம். பழைய நோட்டீஸில் "தோழர்களே" என்ற இடத்தில் ஒரு ழ, வால் உடைந்த ழ, விழுந்திருந்தது. புது நோட்டீஸில் நல்ல ழ இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். அந்த உடைந்த ழவைத் தேடி, ழ கிடக்கிற அறையை முழுசாகக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் தடவி, கண்டுபிடித்து, அதே இடத்தில் வைத்தோம். ஓட்டிப் பார்த்தால் அச்சு அசல்! எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். பெருமையாக இருந்தது. கோப்பவர் என் முதுகில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆர்வெல் இதை எப்படித் தெரிந்துகொண்டார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கட்சியை வெறுக்கிற வின்ஸ்டன், திருட்டுத்தனமாக டைரி எழுதுகிற வின்ஸ்டன், அவனுக்கு வாழ்க்கையில் இருக்கிற பெரிய சந்தோஷமே இந்த வேலைதான் என்று எழுதியிருக்கிறார். ஒரு நாள் ஓகில்வி என்று ஓர் ஆளையே உட்கார்ந்த இடத்தில் உண்டாக்குகிறான், இல்லாத ஆள், போரில் செத்த வீரன் என்று இரங்கல் எழுதி முடிக்கிறான், வேலை சுத்தமாக வந்ததில் அவனுக்குத் திருப்தி. பொய் சொல்கிற இயந்திரத்துக்கு வில்லன்கள் வேண்டியதில்லை, வேலையைச் சுத்தமாகப் பார்க்கிறவன் நாலு பேர் இருந்தால் போதும். நானும் கோப்பவரும் அன்றைக்கு அந்த நாலு பேரில் இரண்டு பேர்.

ராத்திரியோடு ராத்திரியாகப் பழையதின் மேலேயே புதுசை ஒட்டிவிட்டார்கள். கேட்டவர்களிடம் "20ன்னு நாங்க எப்பப்பா சொன்னோம், நோட்டீஸைப் பாரு" என்றார்கள். மூலைக் கடை டீ மாஸ்டர் மட்டும் முதல் நோட்டீஸில் ஒன்றைப் பொறை வைக்கிற பாட்டிலுக்கு அடியில் விரித்திருந்தார். கொள்கை எல்லாம் இல்லை, அவருக்குப் படிக்கவே தெரியாது. காகிதம் கெட்டியாக இருந்தது, விரித்தார். மாசக் கணக்கில் அந்த 20, டீக் கறையோடு அங்கேயே கிடந்தது. நோட்டீஸ் அடிக்கச் சொன்ன அதே ஆள் அதன் எதிரே நின்று டீ குடிப்பார், பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

நாவலில் வின்ஸ்டன் கைக்கும் அப்படி ஒரு துண்டுக் காகிதம் வருகிறது. துரோகிகள் என்று கொல்லப்பட்ட மூன்று பேர், குற்றம் செய்ததாகச் சொன்ன அன்றைக்கு வேறு ஊரில் இருந்தார்கள் என்று காட்டுகிற பேப்பர் போட்டோ. பத்து நிமிஷம் வைத்திருந்தான், பயந்துபோய் ஓட்டைக்குள் போட்டுவிட்டான். படித்தவன் அவன். டீ மாஸ்டருக்கு அந்தப் பயம் இல்லை.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் "பிழையும் திருத்தமும்" என்று ஒரு பட்டியல் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம். பதிப்பாளர்கள் அதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார்கள், சிலர் சண்டையே போடுவார்கள். என்னைக் கேட்டால் அந்தப் புத்தகத்திலேயே யோக்கியமான பக்கம் அதுதான். இப்படி இருந்தது, தப்பு, இப்படி மாற்றுகிறோம், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்துக்கொள் என்று வாசகனிடம் கொடுக்கிற பக்கம். வின்ஸ்டனின் நாட்டில் திருத்தம் உண்டு, பிழை கிடையாது. அங்கே யாரும் எப்போதும் தப்பே செய்ததில்லை.

இது கற்பனை என்று நினைக்காதீர்கள். ஆர்வெல் எழுதியது சோவியத் யூனியனில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை. அவர் செத்த பிறகு நடந்தது இன்னும் தமாஷ். 1953இல் ஸ்டாலினின் போலீஸ் அமைச்சர் பெரியா கைதாகிச் சுட்டுக் கொல்லப்படுகிறார். அங்கே அரசாங்கம் வெளியிட்ட பெரிய கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி நீளமான கட்டுரை, போட்டோவோடு. அதற்குள் புத்தகம் சந்தாதாரர்கள் வீட்டுக்குப் போய்விட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? தபாலில் புதுப் பக்கங்கள் அனுப்பினார்கள், பெரியா இருக்கும் பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று. புதுப் பக்கங்களில் பெரிங் கடலைப் பற்றி விவரமாக இருந்தது! அகர வரிசை கெடக்கூடாது அல்லவா. அதை எழுதி, கோத்து, புரூப் பார்த்த ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தூரத்திலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று காரணம், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். என்ன புத்தகம் என்கிறீர்கள்? இதேதான், "1984". கூடவே ஆர்வெலின் இன்னொரு நாவலும். நான் இதை ஜோடிக்கவில்லை.

இப்போது அக்காமார்களுக்கான பகுதி. நாவலில் ஒரு வாரத்துக்கு ஒரு ஆளுக்கு இத்தனை கிராம் சாக்லெட் என்று ரேஷன். 30 கிராமாக இருந்ததை 20 ஆகக் குறைக்கிறார்கள். [மேடையில் 25 என்று சொல்லிவிட்டேன். நாவலில் 30.] மறுநாள் திரையில் செய்தி வாசிக்கிறார்கள், சாக்லெட் ரேஷனை 20 கிராமாக உயர்த்திய பெரியண்ணனுக்கு நன்றி சொல்லி மக்கள் ஊர்வலம் போனார்களாம். நேற்றுத்தானே குறைத்தீர்கள் என்று கேட்க ஆளில்லை. வின்ஸ்டன் கேன்டீனைச் சுற்றிப் பார்க்கிறான், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஞாபகம் எனக்கு மட்டும்தான் இருக்கிறதா என்று அவனுக்குச் சந்தேகம் வருகிறது.

ரேஷன் கடையில் வாங்காத பாமாயிலுக்கு வாங்கியதாக மெசேஜ் வந்தவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, தலைவர் ஐயாவே தூக்குகிறார். என் வீட்டம்மாவுக்குப் போன வருஷம் வந்தது. போய்க் கேட்டாள். "சிஸ்டத்துல வாங்கினதா காட்டுதும்மா" என்றார் அந்தத் தம்பி. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். "எங்க வீட்டு அடுப்படியில வாங்காததா காட்டுதுப்பா" என்றாள் இவள். அப்புறம் நடந்த சண்டையில் பாமாயில் வந்ததா வரவில்லையா என்பது முக்கியமில்லை (வந்தது). வீட்டுக்கு வந்து காலண்டரில் அன்றைய கட்டத்தில் "எண்ணெய் வாங்கலை" என்று எழுதினாள், அடுத்த மாசம் கேட்பதற்கு. நம் வீட்டுக் காலண்டர்களைப் பாருங்கள், பால் பாக்கெட், சிலிண்டர் வந்த தேதி, சீட்டுப் பணம், எல்லாம் இருக்கும். வின்ஸ்டன் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலையும் அதுதான். பழைய சாமான் கடையில் வாங்கிய நோட்டில் தேதி போடுகிறான், 1984 ஏப்ரல் 4. போட்டுவிட்டு, இது 1984தானா என்றே அவனுக்கு நிச்சயமில்லை.

இன்னொன்று. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் நம்பாதே என்பதுதான் கட்சியின் கடைசிக் கட்டளை என்று நாவலில் வருகிறது. லண்டன்காரர் மூக்கை விட்டுவிட்டார். எண்ணூர், மணலிப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ராத்திரி ஒன்றரை மணிக்குக் குழந்தை இருமி எழுந்திருக்கும், கண் எரியும், ஜன்னலைச் சாத்துவோம், ஈரத் துணி தொங்கவிடுவோம். காலையில் காற்றின் தரம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று செய்தி வரும். எல்லா நாளும் செய்தி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மூக்குக்கு ஒரு பதிவேடு இல்லை, அவ்வளவுதான்.

சரி, ஆர்வெல் யார்? பாதி நம்ம ஊர்க்காரர் என்று சொல்லலாம், கொஞ்சம் இழுத்துப் பார்த்தால். இயற்பெயர் எரிக் பிளேர், பிறந்தது 1903 ஜூன் 25, பீகாரில் மோதிஹாரி. அப்பா பிரிட்டிஷ் அரசாங்கத்தின் அபின் இலாகாவில் அதிகாரி. சரியாகத்தான் சொல்கிறேன், அபின். அதற்கு ஓர் அரசு இலாகா, அதிகாரி, சம்பளம், பென்ஷன். ஒரு வயசில் அம்மா இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 1922இல் பர்மாவுக்கு போலீஸ் அதிகாரியாக வந்து 1927 வரைக்கும் இருந்தார். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்று பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிறோமே, அந்தக் கடைக்காரர்களின் தாத்தாக்கள் ரங்கூனில் இருந்த காலம். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு சாம்ராஜ்யத்துக்காக அடுத்தவனை அடக்கிய ஆள், அதை வெறுத்துத்தான் வேலையை விட்டார். நாவலின் சித்திரவதை அறையை ஐரோப்பாவில் மட்டும் தேடுகிறவர்கள் இந்த ஐந்து வருஷத்தை மறந்துவிடுகிறார்கள்.

1936 கடைசியில் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போனார், தொழிலாளர் பக்கம் நின்று துப்பாக்கி தூக்கினார், 1937 மே மாசம் தொண்டையில் குண்டு துளைத்தது, பிழைத்தார். சண்டையே நடக்காத இடத்தில் பெரிய சண்டை நடந்ததாகப் பேப்பரில் வருவதை அங்கேதான் பார்த்தார். அப்புறம் 1941 முதல் 1943 வரை பிபிசியில் வேலை, யாருக்காக என்றால் இந்தியாவுக்காக. போர்ச் செய்திகளைப் பற்றி வாராவாரம் எழுதி, தணிக்கை அதிகாரி முத்திரை வாங்கி, நம்ம தாத்தாக்களுக்கு ஒலிபரப்பினார். மனைவி ஐலீன் கொஞ்ச காலம் தணிக்கை இலாகாவிலேயே வேலை பார்த்தார். அதனால் வின்ஸ்டனின் மேஜை ஆர்வெலின் மேஜையும்தான்.

இவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நானும் பழைய தேதியில் நோட்டீஸ் அடித்தவன் ஆவேன். நாவல் வெளிவருவதற்கு ஒரு மாசம் முன்னால், 1949 மே, பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரசாரப் பிரிவுக்கு ஆர்வெல் ஒரு பட்டியல் கொடுத்தார். கம்யூனிஸ்ட் அனுதாபிகள், உங்கள் பிரசார வேலைக்கு இவர்களை நம்பாதீர்கள் என்று 38 பெயர். படுத்த படுக்கையாக இருந்தார், அவர்களை யாரும் ஜெயிலில் போடவில்லை என்று சமாதானம் சொல்வார்கள். சொல்லட்டும். பட்டியல் பட்டியல்தான். தூக்கத்தில் உளறிய அப்பாவைச் சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்டு, போலீசில் காட்டிக்கொடுக்கிற ஏழு வயசுப் பெண்ணை எழுதிய அதே கை.

அவர் இந்த நாவலை எழுதியது ஜூரா என்கிற ஸ்காட்லாந்துத் தீவில், காசநோயோடு. டைப் அடிக்க ஆள் அவ்வளவு தூரம் வராததால் படுக்கையில் சாய்ந்துகொண்டே தானே முழுசையும் டைப் அடித்தார், 1948 கடைசியில் முடித்தார். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஸ்ட்ரெப்டோமைசின் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1950 ஜனவரி 21 காலமானார், வயசு 46. ஆறு வருஷம் கழித்து நம்ம சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்குகிறது, காசநோய்க்காரர்களை சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டில் வைத்தே மாத்திரையில் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கே காட்டியது அதுதான். இதற்கும் நாவலுக்கும் சம்பந்தம் இல்லை. சென்னைக்காரன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாவலில் எனக்குப் பிடித்த ஆள் சைம். அகராதிக்காரன். புது அகராதி போடுகிறான், அகராதி என்றால் நாம் சொல் சேர்ப்போம், இவன் சொல்லை வெட்டுகிறான், நாளுக்கு நூற்றுக்கணக்கில். "நல்ல" இருக்கும்போது "கெட்ட" எதற்கு, "நல்லற்ற" போதுமே. ரொம்ப நல்லது என்றால் முன்னால் ஒரு "கூட்டல்" போடு, அதற்கும் மேலே என்றால் "இருகூட்டல்" போடு. சொல் இல்லாவிட்டால் அந்த நினைப்பே வராது, நினைப்பு வராவிட்டால் குற்றமும் இல்லை.

இவனைக் கொண்டுவந்து நம்ம ஊரில் விட வேண்டும். கலீஜ், பேஜார், கஸ்மாலம், பேமானி, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பேமானியைக் கஸ்மாலம் என்றால் அவனுக்கே கோபம் வரும். காசிமேட்டில் காற்றுக்கு எத்தனை பெயர்! வாடை, கச்சான், கொண்டல், அதற்குள் உட்பிரிவு. கடல் நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்று தனிக் கணக்கு. வானிலை அறிக்கையில் வருவது "பலத்த காற்று", முடிந்தது. பெரியவர்கள் போய், அந்தச் சொற்களும் போய்விட்டால், எந்தக் காற்றில் எந்த மீன் என்கிற அறிவும் கூடவே போய்விடும். யாரும் சதி செய்து வெட்ட வேண்டியதுகூட இல்லை. இதை சைம் கேட்டால் பொறாமைப்படுவான்.

ஒரு சண்டையும் ஆர்வெலோடு எனக்கு உண்டு. ஜனத்தொகையில் 85 சதவீதம் உழைக்கிற ஜனம், நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அவர்களிடம்தான் என்று வின்ஸ்டன் எழுதுகிறான். ஆனால் நாவல் முழுக்க அந்த ஜனம் என்ன செய்கிறது? பீர் குடிக்கிறது, லாட்டரி வாங்குகிறது, துணி காயப்போட்டபடி ஓர் அம்மா பாடுகிறார், அந்தப் பாட்டும் இயந்திரம் செய்து கொடுத்த பாட்டு. இயந்திரப் பாட்டா? நம்ம தெருவில் ஒருத்தர் செத்தால் விடிய விடிய டோலக்கோடு அவர் பெயரை வைத்தே கானா கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கப்பா பெரம்பூர் பின்னி மில்லில் நெசவாளர். அந்த மில் தொழிலாளர்கள் 1918இலேயே சங்கம் கட்டினார்கள், திரு.வி.க. அவர்களோடு நின்றார், 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு வாங்கினார்கள். மில் 1996இல் மூடிவிட்டது, சங்கத்தின் கதையை இன்னும் சொல்கிறோம். எங்கப்பா இந்த நாவலைப் படித்திருந்தால், "இன்னாடா, 85 பேர்ல ஒருத்தனுக்குக்கூட வாய் இல்லையா?" என்று கேட்டிருப்பார். ஸ்பெயினில் தொழிலாளர்களோடு பதுங்குகுழியில் படுத்த ஆர்வெலுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் எழுதவில்லை.

நெருக்கடி நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1975 ஜூன் 25 ராத்திரி அறிவித்தார்கள். ஆர்வெலின் பிறந்த நாள், காலண்டரின் தற்செயல், அதில் அர்த்தம் தேட வேண்டாம். எனக்கு 15 வயசு. ஜூன் 28 இந்தியன் எக்ஸ்பிரஸில் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்தார்கள். எங்கள் தெருவில் இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிற ஒரே வாத்தியார், அதை எங்கள் முன்னால் விரித்து, அந்த வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்து, "படிங்கடா" என்றார். "ஒண்ணும் இல்லியே சார்" என்றோம். "அதைத்தான் படிக்கச் சொல்றேன்" என்றார். பிறகு அப்படி வெற்றிடம் விடுவதும் கூடாது என்று தடை வந்தது. அது ஏன் என்று புரூப் ரீடர் ஆன பிறகுதான் புரிந்தது. வெட்டிய இடம் தெரியக் கூடாது. வால் உடைந்த ழ, அதே இடத்தில் இருக்க வேண்டும்.

முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்தப் பாப்பா பேச்சு தொடங்குவதற்கு முன்பே என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டது. கதை ஏற்கெனவே படித்திருக்கிறது. "தாத்தா, வின்ஸ்டன் கடைசியில தோத்துட்டானே, பெரியண்ணனைப் பிடிக்குதுன்னு சொல்லிட்டானே, அப்புறம் எதுக்கு இதைப் படிக்கணும்?"

அவன் தோற்றான், அதில் சந்தேகமே இல்லை. நாலு விரலைக் காட்டி ஐந்து என்று சொல்ல வைத்தால்கூடப் போதாது, ஐந்தாகவே பார்க்க வேண்டும் என்று வதைத்து, அவனை முடித்துவிட்டார்கள். ஆனால் கதை முடிந்த பிறகு ஒரு பின்னிணைப்பு இருக்கிறது, சைமின் மொழியைப் பற்றி, பாடப் புத்தகம் மாதிரி. நிறையப் பேர் அதைத் திருப்புவதே இல்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய புத்தக கிளப், அதை எடுத்துவிட்டால் நாங்கள் விற்றுத் தருகிறோம் என்றது, ஆர்வெல் முடியாது என்றார். அந்தப் பின்னிணைப்பு முழுக்க இறந்த காலத்தில் இருக்கிறது. அந்த மொழி இப்படி இருந்தது, அவர்கள் இப்படிச் செய்தார்கள். அப்படியென்றால் எல்லாம் முடிந்த பிறகு யாரோ ஒருத்தர் சாதாரண மொழியில் உட்கார்ந்து எழுதுகிறார். இதை வைத்துக் கட்சி விழுந்துவிட்டது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உறுதி இல்லை பாப்பா. ஆனால் 30 வருஷம் வினைமுற்றைத் திருத்தியவன் நான், காலம் தப்பாக விழுந்திருக்கிறதா, தெரிந்தே போட்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியும். இது தெரிந்தே போட்டது.

மைக் செட் தம்பி கையைக் காட்டுகிறார். பரிசு கொடுக்கலாம். புத்தகம் நம் படிப்பகத்தில் ஒரே பிரதிதான் இருக்கிறது, மூன்றாவது அலமாரி. எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வாசலில் கட்டியிருக்கிற நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் போங்கள். பக்கத்தில் பென்சில் தொங்கும். அது வேண்டாம், பேனா கேட்டு வாங்கி எழுதுங்கள்.